ஒன்பதாம் வீட்டில் சூரியனும் சனியும்

உங்களில் எத்தனை பேருக்கு இரண்டு பிறந்தநாள்? கையைத் தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். எண்பதுகளில் மொன்றியலில் வந்திறங்கிய எங்கள் வயதுக்காரரில் அரைவாசிப் பேருக்கு வீட்டில் ஒன்று, காகிதத்தில் ஒன்று. ஏஜென்சிக்காரன் எந்தப் பிள்ளையின் பாஸ்போட்டில் எங்களை ஏற்றிவிட்டானோ, அந்தப் பிள்ளையின் திகதி எங்களோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இப்போது கலியாண வீடுகளில் சந்திக்கும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். அரசாங்கத்துக்கு எனக்கு ஐம்பது வயது, என் முழங்காலுக்கு ஐம்பத்திரண்டு. நானும் உங்களோடு சேர்ந்து சிரிக்கிறவள்தான். ஆனால் என் பொய்த் திகதி எனக்கு இன்னொரு வேலையும் பார்த்தது. அதை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

நான் பங்குனியில் பிறந்தவள். காகிதத்தில் ஆடி மாதம், அதுவும் இரண்டு வருடம் பிந்தி. விமான நிலையத்தில் அப்பா தன் பெயரைச் சரியாகச் சொன்னார், அம்மாவின் வயதைச் சரியாகச் சொன்னார். என் முறை வந்ததும் என்ன பயம் பிடித்ததோ, பாஸ்போட்டில் கிடந்த திகதியையே சொல்லிவிட்டார். அந்த அதிகாரியும் எழுதிக்கொண்டார். பிறகு திருத்துவது எப்படி? பிள்ளையின் பிறந்த திகதியிலேயே பொய் சொன்ன மனிதன் மற்றதையெல்லாம் உண்மையாகவா சொல்லியிருப்பான் என்று அகதி விசாரணையில் கேட்பார்களாம். கேஸ் தோற்றால் எல்லோரையும் பிளேனில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். ஆகவே பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் நிலக்கீழ் வீட்டில் அப்பா என்னை முன்னால் நிறுத்தி அந்தத் திகதியைப் பாடமாக்க வைத்தார். காலையில் தமிழில், பின்னேரம் ஆங்கிலத்தில், பள்ளிக்கூடத்தில் பழகிய பிறகு பிரெஞ்சிலும்.

"எப்ப பிறந்தனி?" என்று திடீர் திடீரென்று கேட்பார். பல் தீட்டும்போது கேட்பார், சோறு வாயில் இருக்கும்போது கேட்பார். ஒருநாள் தவறிப் பங்குனி என்று சொல்லிவிட்டேன். அடிக்கவில்லை, ஆனால் அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிடவில்லை.

பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறைக்குள் பிறந்தநாள் வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் ஜூன் கடைசியில் ஒரே கேக் வெட்டுவார்கள். என்னையும் முன்னால் கூப்பிட்டு மெழுகுவர்த்தி ஊதச் சொன்னார்கள். ஐசிங்கில் எழுதியிருந்த என் பெயருக்குப் பக்கத்தில் பத்து என்று இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த டீச்சர், பாவம், நான் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார்.

அந்த வருடம் எங்களுக்கு ஒன்றும் சரிவரவில்லை. அப்பாவின் விசாரணை இரண்டு தடவை தள்ளிப்போனது. தையல் தொழிற்சாலையில் மெசினுக்குள் அகப்பட்டு அவருடைய ஆள்காட்டி விரல் நகத்தோடு பிய்ந்தது. இலையுதிர் காலத்தில் தம்பி பிறந்தான், அது ஒன்றுதான் நல்லது. அவனுக்குச் சாதகம் எழுதுவிக்கப் போன இடத்தில்தான் என் கதை தொடங்குகிறது.

சாத்திரியார் வில்லரேயில் ஒரு சப்பாத்துத் தைக்கிற கடைக்கு மேல்மாடியில் இருந்தார். கிழமை நாட்களில் ஒரு ரெஸ்ரோரன்டில் கோப்பை கழுவுவார். ஞாயிற்றுக்கிழமை திருநீறு பூசிக்கொண்டு சால்வையோடு உட்காருவார். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி ஊறி அவருடைய விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. ரெஸ்ரோரன்ட் மேசைகளில் விரிக்கிற காகிதத் தாளைக் கொண்டுவந்து வைத்திருப்பார். அதன் வெறும் பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் பன்னிரண்டு கட்டம் கீறுவார். மறுபக்கத்தில் கோழிப் பொரியலும் உருளைக்கிழங்கும் படமாக இருக்கும். அவருடைய மகன் பக்கத்து அறையில் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் ஆட்களின் விசாரணைகளில் மொழிபெயர்க்கிறவன் அவன்தான். அதை அப்பா வாசலிலேயே அம்மாவுக்குக் காதுக்குள் சொன்னார்.

தம்பியின் சாதகம் நல்லபடி முடிந்தது. ஆஸ்பத்திரி மணிக்கூட்டின்படி நிமிடம்கூடச் சரியாக இருந்தது. அப்பா தன் கட்டத்தை மனப்பாடமாகவே சொன்னார். ஏன் எல்லாம் தட்டிப்போகிறது என்று கேட்டார்.

"உங்கட சாதகத்தில பிழையில்லை. வீட்டில வேற ஆற்றயோ கிரகம் அமத்துது" என்றார் சாத்திரியார். "மூத்த பிள்ளையின்ர திகதி என்ன?"

அப்பா ஹொக்கிச் சத்தம் வந்த பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆடி மாதத் திகதியைச் சொன்னார். நேரத்தை மட்டும் உண்மையாகச் சொன்னார், பகல் இரண்டு மணி.

சாத்திரியார் பஞ்சாங்கத்தைப் புரட்டினார், கீறினார், எழுதினார். பிறகு பென்சிலைக் கீழே வைத்தார்.

"இலக்கினம் விருச்சிகம். அதிலயிருந்து எண்ணினா ஒன்பதாவது கடகம். ஒன்பதாம் வீடு தகப்பன்ர வீடு. தகப்பனுக்கு உரிய சூரியன் அங்கதான் நிக்கிறார். அவரோட ஒரே வீட்டில சனியும் ஏறி இருக்கிறார். சனி சூரியன்ர மகன்தான், ஆனா ரெண்டு பேருக்கும் ஒத்துவராது. இந்தப் பிள்ளை பக்கத்தில இருக்குமட்டும் தகப்பன்ர காரியம் கைக்கு எட்டுற நேரம் தட்டிப்போகும்."

அப்பாவின் முகம் செத்துப்போனது. கட்டுப் போட்டிருந்த விரலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னவென்று சொல்ல! அதுவரை என்னை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

சாத்திரியார் அயோக்கியர் அல்ல, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அப்பாவிடம் கேட்கவில்லை, அம்மாவிடம்தான் கேட்டார்.

"தங்கச்சி, இந்தக் கட்டத்துக்கும் பிள்ளையின்ர சாடைக்கும் பொருந்தேல்லை. பத்து வயசுக்கு வளர்த்தியும் கூட. பெத்த தாய் நீங்கள், சொல்லுங்கோ. திகதி சரிதானே?"

நான் அம்மாவைப் பார்த்தேன். ஒரு சொல், ஒரு தலையாட்டல் போதும். இல்லாவிட்டால் "எனக்கு வடிவா ஞாபகமில்லை" என்று ஒரு சாட்டாவது சொல்லியிருக்கலாம். என் வாய் தானாகத் திறந்தது. அம்மா சால்வைக்குள்ளால் கையை விட்டு என் தொடையில் நுள்ளினார்.

"ஓம் ஐயா. சரி" என்றார்.

பரிகாரம் சின்னதுதான். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள், தவிட்டுக்கு விற்று வாங்குவது. பிள்ளையை உறவில் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கே ஒரு சுளகு தவிட்டைக் கொடுத்துத் திருப்பி வாங்க வேண்டும். அதன் பிறகு பிள்ளை வாங்கின பிள்ளை, பெற்ற பிள்ளை அல்ல. கிரகத்துக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமாம். "காலமை குடுத்துப் பின்னேரம் வாங்குங்கோ, அது காணும்" என்றார் சாத்திரியார். நாங்கள் படியிறங்கும்போது ஒன்று சேர்த்துச் சொன்னார், "கேஸ் முடியுமட்டும் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் நல்லதுதான்." அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், அறுவான்.

விற்பதற்கு ஆள் இருந்தது. அம்மாவின் தமக்கை, என் பெரியம்மா, பியர்பொன்ட்ஸில் சொந்த வீட்டில் இருந்தார். பெரியப்பா எழுபதுகளிலேயே படித்துவிட்டு வந்த எஞ்சினியர். தவிட்டுக்குத்தான் வழியில்லை. மொன்றியலில் நெல்லா குத்துகிறார்கள்? கடைசியில் எங்கள் தெரு மூலை டெப்பனர் கடையில் காலைச் சாப்பாட்டுக்கு விற்கிற ப்ரான் சீரியல் ஒரு பெட்டி வாங்கினோம். இதுவும் தவிடுதானே என்று அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பி வாசித்தார். பஸ், மெட்ரோ, பிறகும் பஸ். முதல் பனி விழுந்திருந்தது. பெட்டியை அப்பா மடியில் வைத்திருந்தார், தம்பியை அம்மா வைத்திருந்தார், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

காலையில் என்னைக் கொடுத்தார்கள். பெரியம்மா என் கையைப் பிடித்து வாங்கிக்கொண்டு, "இனி நீ எங்கட பிள்ளையடி" என்று பகிடிக்குச் சொன்னார். மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்டோம். நான் பெரியம்மா வீட்டுத் தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்த்தேன். நாலு மணிக்கு இருட்டத் தொடங்கியதும் பெரியம்மா சுளகுக்குப் பதிலாக ஒரு தட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார். அப்பா பெட்டியைத் திறக்கவில்லை. குசினி மேசையில் அப்படியே வைத்துவிட்டு எழும்பினார்.

"கேஸ் முடியட்டும் அக்கா. முடிஞ்ச உடன வந்து வாங்கிறன்."

பெரியம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா தம்பிக்குத் தொப்பி போட்டுக்கொண்டிருந்தார். தொப்பி போடுவதற்கு அவ்வளவு நேரமா ஆகும்? நாடாவை முடிந்தார், அவிழ்த்தார், திரும்பவும் முடிந்தார். பிறகு என்னிடம் வந்து, "பெரியம்மாவுக்குக் கரைச்சல் குடாத பிள்ளை" என்றார். அவ்வளவுதான். கண்ணாடிக் கதவுக்குள் நின்று பார்த்தேன். பஸ் தரிப்பிடம் வரைக்கும் அவர்கள் போனார்கள், மூன்று பேரும்.

பெரியம்மா என்னை நன்றாகத்தான் பார்த்தார், பொய் சொல்லக்கூடாது. நிலக்கீழ் அறையில் எனக்கென்று ஒரு கட்டில், சிவப்புக் குளிர்ச்சட்டை, ஞாயிறுகளில் அப்பம். ஆனால் அந்த வீட்டில் சத்தமே இருக்காது. எங்கள் நிலக்கீழ் வீட்டில் மேல்மாடிக்காரரின் சண்டை கேட்கும், தண்ணீர்க் குழாய் முனகும், தம்பி வீரிடுவான். இங்கே பனி விழுகிற மௌனம் மட்டும்தான். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். அப்பா பேசமாட்டார். குரல்கூடக் கேட்காமல் இருப்பது நல்லது என்று தானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். சாத்திரியார்கூட அப்படிச் சொல்லவில்லை.

அந்தச் சீரியல் பெட்டி குசினியின் மேல்தட்டில் இருந்தது. பள்ளிக்கூடத்தால் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். அது இருக்கிறவரை என்னை வாங்க வருவார்கள் என்பது என் கணக்கு. தை மாதம் அளவில் ஒருநாள் காலை பெரியப்பா அதைத் திறந்து பால் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயிற்றுக்கு நல்லதாம்! நான் போட்ட சத்தத்தில் அந்த மனிதன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். பெரியம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "விசரி, கடையில ஆயிரம் பெட்டி கிடக்கு" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்ததையும் கண்டேன்.

பனி கரைகிற நேரம் செய்தி வந்தது. அப்பாவின் கேஸ் வென்றுவிட்டது. நான் ஓடிப்போய் என் உடுப்பையெல்லாம் பையில் அடைத்தேன். பள்ளிக்கூடச் சிநேகிதிகளுக்குப் போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை அம்மா தம்பியோடு வந்தார். கையில் பெட்டி இல்லை.

"லாண்டட் பேப்பர், இஞ்ச நிரந்தரமா இருக்கிற பேப்பர், வரட்டும் பிள்ளை" என்றார். "சாத்திரியார் சொன்ன மாதிரியே நீ இங்கால வந்த உடன கேஸ் வெண்டது. இந்த நேரத்தில அப்பா மாத்தப் பயப்பிடுறார்."

எப்படி இருக்கிறது கதை? தோற்றிருந்தால் என் தலையில் பழி விழுந்திருக்கும். வென்றபடியால் நான் தள்ளி இருந்ததுதான் காரணம் என்றானது. யாரோ ஒரு பிள்ளையின் திகதியில் கீறிய கட்டம் அது. அப்பா தன் வாயால் சொன்ன பொய். அதையே அவர் நம்பத் தொடங்கிவிட்டார். இரவு பகலாக எனக்குப் பாடமாக்கிப் பாடமாக்கி, அது பொய் என்பதே அவருக்கு மறந்துவிட்டது என்றுதான் பின்னாளில் நினைத்தேன். அம்மாவும் அப்படியே பயந்து நம்பியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பையை நான் அவிழ்க்கவில்லை. கோடை முழுக்க அதற்குள்ளிருந்து உடுப்பை எடுத்துப் போட்டுவிட்டு, தோய்த்ததும் திரும்ப அதற்குள்ளேயே வைத்தேன்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்த கையோடு பெரியபிள்ளையானேன். பெரியம்மா கைதட்டிச் சிரித்தார், பிறகு குசினி மணிக்கூட்டைப் பார்த்து, கலண்டரில் மூன்று நாற்பது என்று எழுதினார். பெண்பிள்ளை பெரியபிள்ளையாகிற நேரத்தை வைத்தும் ஒரு சாதகம் எழுதுவார்கள். ருதுச் சாதகம். அதற்குப் பிறந்த திகதி தேவையில்லை, அந்த நேரம் மட்டும் போதும். பெரியம்மா போனில் அம்மாவுக்குச் சொன்னார். அம்மா அதைக் கொண்டுபோய்ச் சாத்திரியாரிடம் கொடுத்தார்.

பத்தாம் நாள் அப்பா வந்தார்! யாரிடமோ இரவல் வாங்கிய காரில், மடிப்புக் கலையாத சேட்டோடு, புதுச் சீரியல் பெட்டியோடு. வாசலிலேயே பெரியம்மாவின் கையில் பெட்டியைத் திணித்துவிட்டு என் தலையைத் தடவினார். பத்து மாதத்துக்குப் பிறகு அப்பாவின் கை.

"அக்கா, கேட்டீங்களோ? மீன இலக்கினம். இலக்கினத்திலேயே குரு சொந்த வீட்டில இருக்கிறார். அம்ச யோகமாம்! இந்தப் பிள்ளை கால் வைக்கிற வீடு விளங்குமாம். விளக்கு வைக்கிற நேரமெல்லே அப்பிடி அமைஞ்சிருக்கு."

எனக்கு அந்த விளக்கு வைக்கிற நேரம் புரியவில்லை. பெரியம்மா எழுதியது மூன்று நாற்பது. இந்த ஊர் நேரத்தை யாழ்ப்பாண நேரமாக்கச் சாத்திரியார் ஏதோ கூட்டிக் கழித்திருப்பார் என்று விட்டுவிட்டேன். கழுத்து நிறைய மணி கட்டிவிட்ட கன்றுக்குட்டி மாதிரி சந்தோஷத்தில் துள்ளினேன். வீட்டுக்குள் என்னை வலது கால் வைத்து வரச் சொன்னார்கள். இரண்டு கிழமையில் லாண்டட் பேப்பர் வந்தது. அதன் பிறகு அப்பா நான் இல்லாமல் ஒரு காரியம் செய்யமாட்டார். கார் வாங்கப் போனால் நான் முன்னால் நடக்க வேண்டும், வீட்டுக்குக் கையெழுத்து வைக்கும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். கண்ணை மூடும்வரை என்னை "என்ர குரு பகவான்" என்றுதான் கூப்பிட்டார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பாவை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். பயந்தாங்கொள்ளி மனிதன், பயம் அவரை அப்படி ஆட்டியது. அம்மாவையும் அதே கணக்கில்தான் மன்னித்திருந்தேன். அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, நினைவு மட்டும் கத்தி மாதிரி. போன மாதம் ஒருநாள் பின்னேரம் இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ பியர்பொன்ட்ஸுக்குப் போனது. நான் அவருக்கு ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"பாவம் அம்மா, நீங்களும் அந்தச் சாதகத்தை நம்பிப் பயந்துதானே விட்டனீங்கள்."

அம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது.

"ஆர், நானோ? எங்கட அப்பு பஞ்சாங்கம் பாத்த மனுசன். எனக்கு இலக்கினம் போடத் தெரியும். உன்ர இலக்கினம் கடகம். நீ பிறந்த அண்டைக்கே நான் கீறிப் பாத்தனான், தகப்பனுக்கு ஒரு குறையுமில்லாத சாதகம். அந்தாள் கீறினது ஆற்றயோ பிள்ளையின்ர கட்டம். முதல் நாளே எனக்குத் தெரியும்."

என் கையில் கத்தி அப்படியே நின்றது.

"பேந்து உன்னை வீட்ட கொண்டுவந்தது ஆர் எண்டு நினைக்கிறாய்? பெரியம்மாவுமில்லை, கொப்பருமில்லை, நான். பெரியம்மா சொன்ன நேரத்தைச் சொல்லியிருந்தா ஒரு யோகமும் இல்லை. குரு மீனத்தில நிக்கிறார், மீன இலக்கினம் எந்த நேரம் வருகுது எண்டு பாத்து, விளக்கு வைக்கிற நேரம் எண்டு மாத்திச் சொன்னனான். கொப்பர் அடுத்த கிழமையே ஓடி வந்தவரோ இல்லையோ?"

அவர் சிரித்தார். முப்பத்தொன்பது வருடம் மூடி வைத்த கெட்டித்தனம். நான் நன்றி சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஏன் முதல் நாள் ஓம் எண்டனீங்கள்?"

"பக்கத்து அறையில அந்தப் பெடியன் இருந்தவனெல்லே. என்னெண்டு சொல்லுறது?"

"சரி. பேந்து வீட்ட வந்து அப்பாட்டையாவது சொல்லியிருக்கலாமே. எங்கட வீட்டில ஆர் இருந்தது?"

அம்மா இன்னொரு வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்தார்.

"உன்னைக் குடுத்த அண்டைக்குத்தான் அந்த மனுசன் மாதக்கணக்குக்குப் பிறகு நித்திரை கொண்டது. நித்திரை கொண்டாத்தானே விசாரணையில ஒழுங்காக் கதைக்கலாம். கேஸ் வெண்டதெல்லே? நீயும் அங்க நல்லாச் சாப்பிட்டு, நல்ல உடுப்புப் போட்டு, வடிவாத்தானே இருந்தனி."

"கேஸ் வெண்ட பிறகு, அம்மா? பங்குனியிலயிருந்து புரட்டாசிமட்டும்?"

"தம்பி சின்னன். ரெண்டு பேரையும் வைச்சுக்கொண்டு நான் வேலைக்கும் போறதெண்டா…" என்று இழுத்தார். பிறகு, "நீ அங்க பழகியிட்டாய் எண்டு நினைச்சன்" என்றார்.

நான் எழும்பிக் குசினி யன்னலடியில் போய் நின்றேன். வெங்காயம் என்று சாட்டுச் சொல்ல வசதியாக இருந்தது. அது என் கட்டம் அல்ல என்று அப்பாவிடம் ஒரு சொல் சொன்னால் நான் வீட்டுக்கு வரலாம் என்று அவருக்கு அந்தக் குளிர்காலம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் போனில் "சாப்பிட்டியோ" என்று கேட்டபோதும் தெரிந்திருக்கிறது. அப்பா கிரகத்துக்குப் பயந்து என்னை விட்டார். அம்மா எதற்கும் பயப்படவில்லை. நம்பி விட்டவரை என்னால் மன்னிக்க முடிந்தது. தெரிந்து விட்டவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அன்றைக்கும் கறியை நான்தான் வைத்தேன். உப்புக் கூடிப்போய்விட்டது என்று அம்மா குறை சொன்னார், நான் ஓம் என்றேன்.